9 மி.மீ. கல் குழாயில் நிற்கிறது: பொறுப்பதா, உடைப்பதா, எடுப்பதா?

கேள்வி சுருக்கமாக இது. மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் 56 வயது அப்பா. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இடது விலாவில் வலி வந்து ஸ்கேன் எடுத்ததில், இடது யூரேட்டரின், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாயின், மேல்பகுதியில் 9 மி.மீ. கல், அதனால் சிறுநீரகத்தில் லேசான வீக்கம். வலது சிறுநீரகத்தின் அடிப்பகுதியிலும் 6 மி.மீ. கல், அதனால் தொந்தரவு இல்லை. சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் 1.1. ஊசி போட்டதும் வலி நின்றுவிட்டது. ஒரு டாக்டர் லேசர் என்கிறார், இன்னொருவர் வெளியிலிருந்து அதிர்வலை கொடுக்கலாம் என்கிறார், சொந்தபந்தம் வாழைத்தண்டுச் சாறு போதும் என்கிறது. எதைக் கேட்பது?

இரண்டு டாக்டர்களும் தவறாகச் சொல்லவில்லை. இந்த அளவுக் கல்லுக்கு, இந்த இடத்தில், இரண்டு முறையும் ஒப்புக்கொள்ளப்பட்டவைதான். எது உங்கள் அப்பாவுக்குப் பொருந்தும் என்பதை முடிவுசெய்ய இன்னும் மூன்று தகவல் வேண்டும்: கல் எவ்வளவு கடினம், சிறுநீரில் கிருமி இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா. வலி நின்றதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி, அடைப்பால் சிறுநீரகத்தில் அழுத்தம் திடீரென்று ஏறும்போது வருவது. அடைப்பு அப்படியே இருந்தாலும் சில நாளில் அழுத்தம் தணிந்து வலி அடங்கிவிடும். கல் வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால், ஸ்கேனில் இல்லை என்று தெரியும்வரை அது உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வலி போய்விட்டது என்று ஆறு மாதம் சும்மா இருந்து, ஒரு பக்கச் சிறுநீரகம் சுருங்கிப்போன பிறகு வருகிறவர்கள் யூராலஜி ஓ.பி.யில் புதிதல்ல.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று முதலில் பார்ப்போம். அல்ட்ராசவுண்டு ஸ்கேன் சிறுநீரக வீக்கத்தை நன்றாகக் காட்டும், ஆனால் கல்லின் அளவைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். யூரேட்டரின் நடுப்பகுதியைக் குடல் மறைத்துக்கொள்வதால் அங்கே நிற்கும் கல் பல நேரம் தெரியாது. ரிப்போர்ட்டில் 2 மி.மீ., 3 மி.மீ. ‘கான்கிரீஷன்’ (கல் போன்ற படிவு) என்று எழுதியிருப்பதில் பாதி கல்லே இல்லாமலும் இருக்கலாம். அதற்கெல்லாம் சிகிச்சை தேடி அலைய வேண்டாம். ஆனால் 9 மி.மீ. அடைப்புக் கல்லுக்கு முடிவெடுக்கும் முன் மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேன் ஒன்று எடுப்பது நல்லது, ‘பிளெயின் சி.டி. கே.யு.பி.’ என்று எழுதித் தருவார்கள். மருந்து ஏற்றாததால் சர்க்கரை மாத்திரையையோ கிரியேட்டினினையோ நினைத்துப் பயப்பட வேண்டாம்.

அந்த சி.டி. ரிப்போர்ட்டில் கல்லின் நீள அகலத்துக்குப் பக்கத்தில் ‘எச்.யு.’ என்று ஓர் எண் இருக்கும். இல்லையென்றால் ரேடியாலஜி டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கல்லின் அடர்த்தி அது. 1000-க்கு மேல் என்றால் கெட்டியான கல், அதிர்வலைக்கு எளிதில் உடையாது. 500-க்குக் கீழ் என்றால் யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரின் அமிலத்தன்மை கூடுதலாக இருப்பதால் இந்த வகைக் கல் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாது. ஸ்கேனில் கல், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் அதையும் ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு எண்ணால் சிகிச்சையே மாறக்கூடும் என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கூடவே யூரின் ரொட்டீன், யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது), கிரியேட்டினின், சர்க்கரை. கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதைத் தவிர்த்துவிட்டு நாளைக்கே ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், கல்ச்சர் அனுப்பியாயிற்றா என்று ஒரு தடவை கேளுங்கள். கிருமி இருக்கும்போது கல்லை உடைத்தால் அது ரத்தத்தில் கலந்துவிடும். கல் சிகிச்சையில் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இதையொட்டி, எந்த முறை என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒரு நிலைமையைச் சொல்ல வேண்டும். அடைப்புக் கல்லோடு குளிரடித்துக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும், யூராலஜி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அடைபட்ட சிறுநீரகத்துக்குள் சீழ் தேங்கினால் ஆன்டிபயாட்டிக் மட்டும் போட்டுப் பயனில்லை, தேங்கியதை வடித்தால்தான் மருந்து வேலை செய்யும். கீழிருந்து டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தியோ, முதுகு வழியாகக் குழாய் போட்டோ வடிப்பார்கள். கல்லை அன்று தொடமாட்டார்கள், தொடவும் கூடாது. காய்ச்சல் தணிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் எடுப்பார்கள். ‘கல்லை எடுக்காமல் குழாயை மட்டும் போட்டுக் காசு வாங்கிவிட்டார்கள்’ என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் குழாய்தான் அன்றைக்கு உயிரைக் காப்பாற்றியிருக்கும். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் இந்த விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சிறுநீரே வராமல் நிற்பது, நிற்காத வாந்தி, ஊசிக்கும் அடங்காத வலி, ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு, கிரியேட்டினின் ஏறுவது ஆகியவையும் இதே அவசரம்தான்.

அந்த அவசரம் இல்லையென்றால் காத்திருந்து பார்க்கலாமா? 5 மி.மீ.க்கு உட்பட்ட யூரேட்டர் கல் மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தானாகவே விழுந்துவிடும். 5 முதல் 10 மி.மீ. வரை என்றால் பாதிப்பேருக்கும் குறைவு. யூரேட்டரின் கீழ்முனையில், சிறுநீர்ப்பை வாசலில் நிற்கும் கல்லுக்கு வாய்ப்பு அதிகம். மேல்பகுதியில் நிற்கும் 9 மி.மீ. கல்லுக்கு மிகவும் குறைவு. காத்திருந்தாலும் நான்கு வாரம், மிஞ்சினால் ஆறு வாரம் என்று எல்லை வைத்து, இடையில் ஸ்கேனும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். உங்கள் அப்பா விஷயத்தில் நான் அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்லமாட்டேன்.

காத்திருக்கும்போது கொடுக்கும் மாத்திரை பெரும்பாலும் டாம்சுலோசின் 0.4 மி.கி., ராத்திரியில் ஒன்று. யூரேட்டரின் கீழ்ப்பகுதியைத் தளர்த்தி 5 மி.மீ.க்கு மேற்பட்ட கல் இறங்க உதவும். மேல்பகுதிக் கல்லுக்கு இதன் பலன் குறைவு. சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், ஆண்களுக்கு விந்து வெளிவருவது குறையலாம், நிறுத்தினால் சரியாகிவிடும். இதைச் சாப்பிடுகிறவர், முன்பு சாப்பிட்டவரும்கூட, கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணின் கருவிழிப் படலம் (ஐரிஸ்) தளர்ந்து ஆபரேஷனைச் சிக்கலாக்கும் மருந்து இது. 56 வயது என்பதால் சொல்லிவைக்கிறேன். இன்னொன்று, டாம்சுலோசினோடு டெஃப்லசாகார்ட் என்ற ஸ்டீராய்டு சேர்த்த மாத்திரையும் கல்லுக்கென்று எழுதப்படுகிறது. அது சர்க்கரையை ஏற்றிவிடும். மாத்திரை அட்டையைத் திருப்பி, பெயரைப் படித்துப் பாருங்கள்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி நல்ல மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் வலி வரும்போதெல்லாம் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி என்று வாரக்கணக்கில் போவது, அடைப்பால் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி. வெயிலில் வேலை செய்து உடம்பில் நீர் வற்றியிருப்பவருக்கு இன்னும் மோசம். வலி உச்சத்தில் இருக்கும்போது ‘தண்ணி நிறையக் குடி, கல்லு விழுந்திரும்’ என்று குடம்குடமாகக் குடிக்கவைப்பதாலும் கல் விழாது, வாந்திதான் வரும். தாகத்துக்குக் குடித்தால் போதும். நிறையத் தண்ணீர் என்பது அடுத்த கல் வராமலிருக்கச் செய்யும் வேலை.

இனி வாழைத்தண்டு. சாப்பிடக் கூடாத பொருள் இல்லை. நார்ச்சத்து உண்டு, சாற்றாகக் குடித்தால் சிறுநீர் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் நமக்கு வருவதில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். இவற்றைக் கரைக்கும் சாறோ, கஷாயமோ, மாத்திரையோ இன்றுவரை இல்லை. வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில், ரணகள்ளி இலை இவற்றுக்குக் கிடைத்த நல்ல பெயர், தானாகவே விழுந்திருக்கக்கூடிய சின்னக் கற்களால் வந்தது. 4 மி.மீ. கல் உள்ளவர் பத்து நாள் சாறு குடித்தால் கல் விழுந்துவிடும். குடிக்காமல் இருந்திருந்தாலும் விழுந்திருக்கும். 9 மி.மீ. கல் குழாயை அடைத்து நிற்கும்போது சாற்றை நம்பி நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. கிரியேட்டினின் கூடியவர்கள் வாழைத்தண்டுச் சாறு, இளநீர் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். கேரளத்தில் இரும்பன்புளிச் சாற்றைக் கொழுப்புக்கு மருந்தென்று குடித்து, அதிலுள்ள ஆக்சலேட்டால் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இருக்கிறார்கள்.  இயற்கையானது கெடுதல் செய்யாது என்று எல்லாவற்றையும் நம்பிவிட வேண்டாம்.

கரையக்கூடிய கல் ஒன்று உண்டு, அதுதான் மேலே சொன்ன யூரிக் அமிலக் கல். பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்தால் சிறுநீரின் பி.எச். அளவை (அமிலத்தன்மை குறையக் குறைய இந்த எண் கூடும்) 6.5-லிருந்து 7-க்குள் வாரக்கணக்கில் நிறுத்தினால் இந்தக் கல் கரையும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பி.எச். பட்டையைச் சிறுநீரில் தொட்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். 7-ஐத் தாண்டவிடக் கூடாது, தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் படியத் தொடங்கும். பிரஷருக்கு ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் இவற்றில் ஏதாவது சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற வாய்ப்புண்டு என்பதால் டாக்டர் ரத்தப் பரிசோதனையோடு கொடுப்பார். அப்பாவின் எச்.யு. 400, 450 என்று வந்தால், அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் போட்டுவிட்டு, கல்லைக் கரைத்துப் பார்க்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

அதிர்வலைச் சிகிச்சையை ‘லித்தோட்ரிப்சி’, ‘ஈ.எஸ்.டபிள்யூ.எல்.’ என்பார்கள். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. கத்தி இல்லை, உள்ளே கருவி போவதில்லை. மேசையில் படுக்கவைத்து, எக்ஸ்ரே அல்லது ஸ்கேனில் கல்லைக் குறிவைத்து, முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் 2000 முதல் 3000 அதிர்வுகள் கொடுப்பார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம். கல் பொடியானால் அந்தப் பொடி சிறுநீரில்தான் போக வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும். முதல் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது வழக்கம்.

எல்லாருக்கும் இது எடுபடாது. எச்.யு. 1000-க்கு மேல் இருந்தாலோ, உடல் பருமனால் தோலிலிருந்து கல் வரையுள்ள தூரம் 10 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ வெற்றி குறையும். சிறுநீரகத்தின் அடிக்கிண்ணத்தில் (உள்ளே சிறுநீர் சேரும் கிண்ணம் போன்ற அறைகளில் கீழே உள்ளதில்) இருக்கும் கல் உடைந்தாலும் துண்டுகள் மேலே ஏறி வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிவிடும். நொறுங்கிய துண்டுகள் யூரேட்டரில் வரிசையாக அடைத்து நிற்கவும் கூடும். அப்போது எண்டாஸ்கோப்பி செய்துதான் எடுக்க வேண்டிவரும். கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாமை மருந்தை நிறுத்த முடியாதவர்களுக்கும், கிருமித் தொற்று இருக்கும்போதும் இதைச் செய்யக் கூடாது. இரண்டு தடவை கொடுத்தும் கல் அசையவில்லையென்றால் மூன்றாவது, நான்காவது என்று போகாமல் முறையை மாற்றுவதே சரி.

‘லேசர்’ என்று பொதுவாகச் சொல்வது யூரேட்டரோஸ்கோப்பி. சிறுநீர் போகும் வழியாகவே மெல்லிய கருவியை மேலே செலுத்தி, கல்லை நேரில் பார்த்து லேசரால் உடைப்பார்கள். முதுகுத்தண்டில் மரக்கவைத்தோ முழு மயக்கத்திலோ செய்வார்கள், ஒன்றிரண்டு நாள் தங்கினால் போதும். கருவியில் இரண்டு வகை. பாதி வளையும் கம்பி போன்றது யூரேட்டரின் கீழ்ப்பகுதி, நடுப்பகுதிக் கல்லுக்குப் போதுமானது. முழுவதும் வளைந்து சிறுநீரகத்தின் கிண்ணங்களுக்குள்ளும் நுழைவது மற்றது. அதை வைத்துச் செய்வதைத்தான் ‘ஆர்.ஐ.ஆர்.எஸ்.’ என்கிறார்கள், 2 செ.மீ. வரையுள்ள சிறுநீரகக் கல்லுக்கு ஏற்றது.

உங்கள் அப்பாவின் கல் இருக்கும் இடத்துக்கு இந்த வேறுபாடு முக்கியம். மேல் யூரேட்டரில் நிற்கும் கல், கருவியோடு போகும் தண்ணீரின் அழுத்தத்திலேயே சிறுநீரகத்துக்குள் தள்ளப்பட்டுவிடலாம். அப்போது கையில் வளையும் கருவி இல்லையென்றால் ஸ்டென்ட் போட்டு முடித்துவிட்டு இன்னொரு நாள் வரச்சொல்வார்கள். ஆகவே நேரடியாகவே கேளுங்கள்: ‘கல் மேலே ஓடிவிட்டால் அன்றைக்கே ஃபிளெக்சிபிள் ஸ்கோப் வைத்து எடுக்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணமா?’ சிலருக்கு யூரேட்டர் மிகக் குறுகலாக இருந்து கருவியே நுழையாது. கட்டாயப்படுத்தி நுழைத்தால் குழாய் கிழியும், பிற்பாடு அந்த இடம் தழும்பாகிச் சுருங்கும். அனுபவமுள்ள டாக்டர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டென்ட் போட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் குழாய் விரிந்த பிறகு மறுபடி செய்வார். அதை ஆபரேஷன் தோல்வி என்று நினைக்க வேண்டாம், அதுதான் முறையான வேலை.

லேசர் பட்டதும் கல் ஆவியாகிவிடுவதில்லை. பொடியாக்கி விடுவதும் உண்டு, துண்டுகளாக்கிச் சிறு கூடையால் பிடித்து எடுப்பதும் உண்டு. முடிந்து முதல் இரண்டு நாளில் குளிர்காய்ச்சல் வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அப்பா சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளின் பட்டியலை மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் அதில் இருந்தால் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தி மாற்று மருந்து தருவார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களுக்கு, அதிர்வலையைவிடவும் முதுகுவழி ஆபரேஷனைவிடவும் இந்த முறையே பாதுகாப்பு. ஆனால் இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

டி.ஜே. ஸ்டென்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமனும் 26 செ.மீ. நீளமும் உள்ள மென்மையான குழாய். மேல்முனை சிறுநீரகத்துக்குள் ஒரு சுருள், கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள் ஒரு சுருள். கீழ்ச்சுருள் பையை உரசுவதால் அடிக்கடி சிறுநீர் வருகிற மாதிரி இருக்கும், முடிக்கும் நேரத்தில் சுரீரென்று குத்தும், போகும்போது விலாவில் இழுக்கும். நடந்து திரிந்தால், வண்டி ஓட்டினால், சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகும். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் தெளியும். இதெல்லாம் வழக்கமானவை. டாம்சுலோசினும், சிறுநீர்ப்பைத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் கொடுத்தால் தாங்கிக்கொள்ளலாம். குளிர்காய்ச்சல், கட்டிகட்டியாக ரத்தம், சிறுநீர் நின்றுபோவது மட்டும் வழக்கமானவை அல்ல.

இதைவிடப் பெரிய விஷயம், அதை எடுக்க மறப்பது. வலி குறைந்ததும், அறுவடையோ திருவிழாவோ குறுக்கே வந்ததும், ஸ்டென்ட் உள்ளே இருப்பதே மறந்துபோகும். மூன்று மாதத்தைத் தாண்டினால் அதன்மேலேயே கல் படிய ஆரம்பிக்கும். வருடக்கணக்கில் விட்டால் இரண்டு முனையும் கல்லாகி, 9 மி.மீ. கல்லுக்கு வந்தவருக்கு முதுகிலும் கீழிலும் பல ஆபரேஷன் செய்ய வேண்டிவரும், சிறுநீரகமே போனாலும் போகும். எடுப்பது என்னவோ சுலபம். ஜெல்லி வைத்து மரக்கவைத்து, சிறுநீர் வழியாக ஸ்கோப் விட்டுச் சில நிமிடத்தில் உருவிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஸ்டென்ட் இடது பக்கம், போட்ட தேதி, எடுக்க வேண்டிய தேதி’ மூன்றும் எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பாருங்கள். அப்பா போனில் மட்டுமல்லாமல் உங்கள் போனிலும் நினைவூட்டல் போட்டுவையுங்கள்.

முதுகில் ஒரு செ.மீ. துளையிட்டு எடுக்கும் பி.சி.என்.எல். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கும், மான்கொம்பு போலக் கிளைத்த கல்லுக்கும் உரியது. ஒரே தடவையில் அதிகமான கல்லை வெளியேற்றும் முறை இதுதான். ரத்தப்போக்கு அபாயமும் இதில்தான் கூடுதல். வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தும் திடீரென்று சிறுநீர் செக்கச்செவேலென்று கட்டியோடு போகலாம். காயம்பட்ட ரத்தக்குழாய் மறுபடி கசிவதால் வருவது அது. தாமதிக்காமல் அதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உங்கள் அப்பாவின் 9 மி.மீ. கல்லுக்கு இது தேவையில்லை. வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் இப்போது மிக அரிது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். கல்ச்சரில் கிருமி இல்லை, எச்.யு. 1000-க்குக் கீழ், ஆள் ஒல்லி, ரத்த மெலிவு மாத்திரை இல்லை என்றால் அதிர்வலையை ஒருமுறை முயலலாம். மயக்கமும் வேண்டாம், ஸ்டென்ட்டும் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வரத் தயாராக இருக்க வேண்டும். எச்.யு. 1000-க்கு மேல் என்றால், அல்லது மேலூரிலிருந்து திரும்பத் திரும்ப வர முடியாது, ஒரே தடவையில் முடிய வேண்டும் என்றால், லேசர். எச்.யு. 500-க்குக் கீழ் என்றால் கரைக்கும் வழியைப் பற்றிப் பேசுங்கள். மூன்றில் எதுவானாலும் இன்னும் இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிவுக்கு வாருங்கள். வலது பக்க 6 மி.மீ. கல்லை இப்போது தொட வேண்டாம். அடைக்காமல், வலிக்காமல், கிருமி இல்லாமல் அடிக்கிண்ணத்தில் கிடக்கும் கல்லை வருடத்துக்கு ஒரு ஸ்கேனில் கவனித்தால் போதும். வளர்ந்தால் அப்போது பார்க்கலாம். ‘இரண்டையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்துவிடலாம்’ என்று சொன்னால், வலது பக்கத்தை ஏன் இப்போது செய்ய வேண்டும் என்று காரணம் கேளுங்கள்.

எங்கே போவது? பார்க்க வேண்டியவர் யூராலஜி டாக்டர். நெஃப்ராலஜி டாக்டர் சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் பார்ப்பவர், தவறான ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு அரைநாள் வரிசையில் நிற்க வேண்டாம். மதுரையில் கோரிப்பாளையத்தை ஒட்டிய அரசு ராஜாஜி மருத்துவமனையில், நம் ஆட்கள் பெரியாஸ்பத்திரி என்பதில், யூராலஜி தனிப் பிரிவாகவே இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி என்றால், குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை செல்லுமா, சொல்லப்படும் முறை அதில் அடங்குமா என்று காப்பீட்டுக் கவுண்டரில் முதலிலேயே கேளுங்கள். முன்அனுமதி எப்போது வாங்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டிச் செய்வதானால், சொல்லும் தொகையில் லேசர் கட்டணம், ஸ்டென்ட், பிற்பாடு அதை எடுக்கும் செலவு, இரண்டாவது தடவை செய்ய நேர்ந்தால் ஆகும் செலவு இவையெல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். விலையில் வரும் சண்டைகள் பெரும்பாலும் ஸ்டென்ட் எடுக்கும் நாளில்தான் வருகின்றன.

கல் போன பிறகும் வேலை இருக்கிறது. ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பத்து வருடத்துக்குள் மறுபடி வருகிறது. அப்பாவை ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். நிழலில் இருப்பவருக்கு மூன்று லிட்டர் குடித்தால் அந்த அளவு வந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் வயலில் நிற்பவருக்கு நான்கு, நான்கரை லிட்டர்கூட ஆகலாம், பாதி வியர்வையில் போய்விடும். சிறுநீரின் நிறம்தான் அளவுகோல், தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். படுக்கும் முன் ஒரு சொம்பு, ராத்திரி எழுந்தால் இன்னொரு அரைச் சொம்பு. எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரேட் கல் படிவதைத் தடுக்கும், உப்பும் சர்க்கரையும் போடாமல் குடிக்க வேண்டும்.

பால், தயிரை நிறுத்த வேண்டாம். கல்லில் கால்சியம் இருக்கிறது என்று பாலை விடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து கூடும். சாப்பாட்டோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தில் அனுப்பிவிடும். அது இல்லையென்றால் ஆக்சலேட் முழுதும் சிறுநீருக்குத்தான் வரும். குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். கம்மங்கூழ் நல்ல சாப்பாடுதான், அதற்குத் தொட்டுக்கொள்வதுதான் சிக்கல். ஈரல், குடல், தினசரிக் கறி இவற்றையும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையாகக் குறைத்தால் யூரிக் அமிலம் இறங்கும். பாலக் கீரை, பீட்ரூட், முந்திரி, பாதாம் ஆக்சலேட் மிகுந்தவை, அளவோடு போதும். தக்காளி விதையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போர்த் தண்ணீர் உப்பாக இருப்பதால்தான் கல் என்று மேலூரிலும் உசிலம்பட்டியிலும் எல்லாரும் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உப்புக் கரிக்கிறது என்று குறைவாகக் குடிப்பதுதான் உண்மையான கெடுதல், குடிக்க நல்ல தண்ணீர் கிடைத்தால் அதிகம் குடிப்பார், அவ்வளவுதான்.

கடைசியாக, கல் கையில் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். சிறுநீரை ஒரு பழைய டீ வடிகட்டியில் பிடித்தாலே துண்டுகள் சிக்கும், கடுகு அளவுத் துண்டு கிடைத்தாலும் போதும். கழுவி, காயவைத்து, உலர்ந்த சின்ன டப்பாவில் போட்டு லேபுக்குக் கொடுங்கள், தண்ணீரோ ஸ்பிரிட்டோ ஊற்ற வேண்டாம். ஆபரேஷனில் எடுக்கும் துண்டுகளையும் கல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி முன்பே கேட்டுவையுங்கள். அந்த ரிப்போர்ட்டோடு ரத்தத்தில் கால்சியம், யூரிக் ஆசிட் இரண்டையும் பார்த்துவிட்டால், வலது பக்கத்தில் கிடக்கும் கல்லுக்கு மருந்து வேண்டுமா, தண்ணீர் போதுமா என்பதை டாக்டர் ஊகத்தில் அல்லாமல் கணக்காகவே சொல்வார்.